எதைத் தள்ளிக்கொண்டு பறந்தது புள்ளலூர் ராக்கெட்?

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு வடக்கே, புள்ளலூர் கிராமத்தை ஒட்டிய வெளியில் கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை, மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படையும் அவர் மகன் திப்புவின் படையும் சுற்றி வளைத்தன. பீரங்கிக் குண்டுகளோடு, மூங்கில் கழியில் வாரால் இறுக்கிக் கட்டிய இரும்புக் குழாய்களும் நெருப்பைக் கக்கியபடி வந்து விழுந்தன. நடுவில் நின்ற வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும் அணி குலைந்தது. ராக்கெட் பட்டுத்தான் வண்டிகள் வெடித்தன என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பீரங்கிக் குண்டு என்பாரும் உண்டு. எப்படியானாலும் பெய்லி சரணடைந்தார். ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் 1782இல் அவர் உயிர் போயிற்று.

போரின் கதையை இங்கே விட்டுவிட்டு, பிளஸ் ஒன் முடித்த யாரிடமாவது ஒரு கேள்வி கேட்கலாம். அந்த இரும்புக் குழாய் எதைத் தள்ளிக்கொண்டு முன்னே போனது? "பின்னால் இருக்கிற காற்றை" என்ற பதில் தயங்காமல் வரும். நியூட்டனின் மூன்றாம் விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பவரும் இதையேதான் சொல்வார். இதற்காக மாணவர்களைக் கேலி செய்ய முடியாது. 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே இதைத்தான் சொல்லியது. காற்றில்லாத வெளியில் ராக்கெட் எதை உந்தும், ராபர்ட் கோடார்டுக்குப் பள்ளிக்கூடப் பாடமே தெரியவில்லை என்று அது நையாண்டி செய்தது. வெற்றிடத்தில் ராக்கெட் மருந்தைக் கொளுத்தி உந்துவிசையை அளந்து, அதற்கு முன்பே அறிக்கை வெளியிட்டவர் கோடார்டு. அப்போலோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்தப் பத்திரிகை திருத்தம் போட்டது.

விசை, இயக்கம், வேலை ஆகிய மூன்றும் பள்ளி இயற்பியலின் வாசற்படி. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் 'இயக்க விதிகள்' பாடத்தோடுதான் தொடங்குகிறது. பதினொன்றாம் வகுப்பில் அதே தலைப்பு மறுபடி வந்து, அடுத்து 'வேலை, ஆற்றல் மற்றும் திறன்' வருகிறது. கணக்கு போட வருகிறது, மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் புரிந்ததா என்று தோண்டினால் அடியில் வேறொன்று கிடக்கிறது. அது ஏன் என்பதற்கு அரை நூற்றாண்டாக உலகம் முழுக்க ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதன் முடிவுகளைப் புள்ளலூர் மண்ணில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். போருக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவர்களைப் புள்ளலூரில் முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. இரண்டாம் புலிகேசியைத்தான் அது குறிக்கிறது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 1781 ஆகஸ்டு 27 அன்று கும்பினித் தளபதி அயர் கூட்டும் ஹைதரும் இங்கேதான் மறுபடி மோதினார்கள். அம்பு, ஈட்டி, குண்டு, ராக்கெட் என்று எறிபொருள்களின் வரலாறு முழுவதும் இந்த வயல்களுக்கு மேலே பறந்திருக்கிறது.

முதலில் ராக்கெட். மைசூர்க் குழாய் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அடித்து உருட்டிய இரும்புத் தகடு. அதற்குள் கெட்டித்த கருமருந்து, பின்பக்கம் ஒரு துளை. அக்கால ஐரோப்பாவின் ராக்கெட் கூடுகள் இரும்பால் ஆனவை அல்ல. உள்ளே அழுத்தம் ஏறினால் அவை தாங்காது. இரும்பு தாங்கியது. அழுத்தம் ஏற ஏற வாயு துளை வழியே வேகமாகப் பீறிடும். வேகமாகப் பீறிட்டால் அதே மருந்துக்கு உந்தம் கூடும். அரைக் கிலோ அளவு மருந்து ஏற்றிய ராக்கெட் கிட்டத்தட்ட ஆயிரம் கஜம் போனதாகக் குறிப்புகள் சொல்கின்றன.

தோராயமாக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். குழாய், கழி, மருந்து எல்லாம் சேர்த்து மூன்று கிலோ. அதில் மருந்து அரைக் கிலோ. வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு 750 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மருந்து எரிந்து தீரும்போது ராக்கெட்டின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 135 மீட்டர் வரும். காற்றே இல்லாவிட்டால், 45 பாகை சாய்வில் விட்டது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். காற்றுத் தடை அதில் பாதியைத் தின்றுவிட்டால் மிச்சம் ஆயிரம் கஜத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இந்தக் கணக்கில் பின்னால் இருக்கும் காற்றுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ராக்கெட் தள்ளுவது தன் வயிற்றிலிருந்த மருந்தின் புகையை. புகை பின்னே போகிறது, குழாய் முன்னே போகிறது. காற்று இரண்டுக்கும் இடைஞ்சல்தான்.

பீரங்கிக்கும் இதே விதிதான், ஆனால் விளைவு வேறு. 2.7 கிலோ குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், வண்டியோடு 600 கிலோ எடையுள்ள பீரங்கி நொடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கும். அந்த உதையைத் தாங்கக் கனமான மரவண்டி வேண்டும், வண்டியை இழுக்க மாடுகள் வேண்டும், மாடுகள் நடக்கக் கெட்டியான தரை வேண்டும். ராக்கெட்டை விடும் சிப்பாயின் தோளில் எந்த உதையும் இல்லை. எதிர்விசையைச் சுமக்க வேண்டிய பங்காளி, புகையாகப் பின்பக்கம் போய்விடுகிறான். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் ஓட முடிகிற ஆயுதமாக அது இருந்ததற்கு இதுதான் காரணம். மூன்றாம் விதியை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ் மண்ணில் கிடைப்பது அரிது. பாடப்புத்தகமும் ராக்கெட்டைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பீரங்கியின் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவதில்லை.

இனி, மனசுக்குள் கிடக்கும் அந்தப் பழைய சங்கதி.

ஒரு ரூபாய் நாணயத்தை மேலே சுண்டுகிறோம். கையை விட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் என்னென்ன விசைகள்? அமெரிக்காவில் ஜான் கிளமென்ட் இதைப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு 1982இல் எழுதினார். பாடம் தொடங்கும் முன் பத்தில் ஒருவர் அளவுக்கே சரியாகச் சொன்னார்கள். பாடம் முடிந்த பிறகு கேட்டாலும் பெரும்பாலோர் தவறினார்கள். "கை கொடுத்த விசை மேல்நோக்கி இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது, உச்சியில் ஈர்ப்பு விசைக்குச் சமமாகிறது, அப்புறம் தோற்கிறது" என்ற பாணியில் அமைந்தது அவர்கள் விளக்கம். கேட்க எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது! உண்மையில் கையை விட்ட நொடியிலிருந்து நாணயத்தின் மேல் கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை மட்டும்தான், காற்றின் சிறு தடையைத் தவிர. உச்சியில் வேகம் பூஜ்யம். ஆனால் முடுக்கம் அங்கேயும் 9.8தான்.

இந்தத் தவறு மாணவனின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. எறிந்த பொருளுக்குள் ஏதோ ஒன்று ஏற்றப்படுகிறது, அது தீரும்வரை பொருள் ஓடும் என்பது இரண்டாயிரம் ஆண்டுக் கருத்து. வைசேடிக மரபில் கணாதரின் சூத்திரங்கள் அம்பின் பயணத்தை இப்படித்தான் விளக்குகின்றன: வில் நாண் கொடுக்கும் உந்தலில் முதல் அசைவு, அதிலிருந்து அம்புக்குள் ஒரு சம்ஸ்காரம், அதிலிருந்து அடுத்தடுத்த அசைவுகள், அது ஓய்ந்ததும் எடையால் வீழ்ச்சி. மணிமேகலை வஞ்சியில் கேட்டறியும் சமயவாதிகளில் வைசேடிகனும் ஒருவன். 14ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஜான் புரிடான் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. இது முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. உராய்வு நிறைந்த உலகத்தில், மாட்டு வண்டியும் மிதிவண்டியும் ஓடுகிற தெருவில், இழுப்பதை நிறுத்தினால் எல்லாம் நின்றுதான் போகிறது. ஆகவே ஓட்டத்துக்கு விசை வேண்டும் என்று குழந்தை தானாகவே ஒரு விதியை எழுதிக்கொள்கிறது. மாற்றத்துக்குத்தான் விசை வேண்டும், சீரான ஓட்டத்துக்கு வேண்டாம் என்று கலிலியோவும் நியூட்டனும் வந்து சொன்னது கண்ணால் கண்டதற்கு எதிரான பேச்சு. அதை ஒரு பாடவேளையில், மூன்று வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம்.

பீரங்கிக் குண்டு எந்தப் பாதையில் போகும் என்பதிலும் இதே கதை. 1561இல் டேனியல் சாண்ட்பெக் வெளியிட்ட நூலில் குண்டு நேர்கோட்டில் ஏறி, சட்டென நின்று, செங்குத்தாக விழுகிறது. நடந்துபோகிற ஒருவர் கையிலிருந்து கல்லை நழுவ விட்டால் எங்கே விழும் என்று மைக்கேல் மெக்லோஸ்கி கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, பாதிப் பேர் அளவுக்கு "நேர் கீழே" என்றார்கள். ஆளோடு சேர்ந்து கல்லும் முன்னே போய்க்கொண்டுதானே இருந்தது என்பது தோன்றவில்லை. எறிபொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638இல் நிறுவினார். அதன் பிறகும் பீரங்கிக்காரர்கள் கண்ணளவிலும் கைப்பழக்கத்திலும்தான் சுட்டார்கள். காரணம், பரவளையம் களத்தில் பொய்த்தது.

ஏன் பொய்த்தது என்று கண்டுபிடித்தவரின் கதை கடலூரில் முடிகிறது. பெஞ்சமின் ராபின்ஸ், 1707இல் பாத் நகரில் பிறந்தவர், 1742இல் 'பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்' என்ற சிறு நூலை எழுதினார். லியோனார்டு ஆய்லர் 1745இல் அதை ஜெர்மனில் பெயர்த்து, மூலத்தைவிடப் பெரிய உரை ஒன்றையும் சேர்த்தார். கிழக்கிந்தியக் கும்பினி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தி, கோட்டைகளைச் சீராக்க அனுப்பியது. 1750இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். மறுவருஷம் ஜூலை 29 அன்று அங்கேயே காய்ச்சலில் இறந்தார். புள்ளலூர் போருக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்பு, எறிபொருளைப் பற்றி அன்று உலகத்திலேயே அதிகம் தெரிந்த ஆள் இந்தக் கடற்கரையில் மண்ணானார் என்பதை நம் இயற்பியல் வகுப்புகள் ஏனோ சொல்வதில்லை.

அவர் செய்தது எளிய காரியம். கனமான மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதில் துப்பாக்கிக் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார்: நொடிக்கு 500 மீட்டருக்கும் மேல். இந்த வேகத்தில் 45 பாகையில் சுட்டால், கலிலியோவின் பரவளையப்படி குண்டு 25 கிலோமீட்டருக்கு அப்பால் விழ வேண்டும். நிஜத்தில் அது ஒரு மைலைக்கூடத் தொடாது. அந்த வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் என்று ராபின்ஸ் காட்டினார். பள்ளிக் கணக்குகளில் "காற்றுத் தடையைப் புறக்கணி" என்று சர்வ சாதாரணமாக எழுதுகிறோம். தெருவில் எறிந்த கிரிக்கெட் பந்துக்கு அது ஓரளவு சரி. புள்ளலூரில் பறந்தவற்றுக்கு அது பெரும் பொய்.

அந்த ஊசலுக்குள்ளேயே வேலை, ஆற்றல் பாடத்தின் முழுச் சிக்கலும் இருக்கிறது. 38 கிராம் குண்டு, நொடிக்கு 510 மீட்டர் வேகம், 25 கிலோ கட்டை. மோதலில் உந்தம் மாறாது. ஆகவே கட்டை நொடிக்கு முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் கிளம்பி மூன்று சென்டிமீட்டர் உயரும். சரி, ஆற்றல்? குண்டு கொண்டுவந்தது ஏறக்குறைய 4,900 ஜூல். ஊசல் பெற்றது ஏழரை. மிச்சம் மரத்தைக் கிழிப்பதிலும் சூட்டிலும் போயிற்று. உந்தம் அப்படியே இருக்க, இயக்க ஆற்றலில் ஆயிரத்துக்கு இரண்டு பங்குகூடத் தேறவில்லை! இரண்டையும் ஒன்றென நினைத்துக் குழம்புவது மாணவர்கள் மட்டுமல்ல. இயக்கத்தின் உண்மையான அளவு நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவதா, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவதா என்று 1686இல் லைப்னிட்ஸ் டெகார்ட்டின் சீடர்களோடு தொடங்கிய சண்டை பல பத்தாண்டுகள் ஓடியது. 1722இல் க்ராவெசாந்தே பித்தளை உருண்டைகளைக் களிமண்ணில் விழவைத்துப் பள்ளத்தை அளந்தார். வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு மடங்கு. எமிலி து ஷாத்லே அந்தச் சோதனையை எடுத்துக்கொண்டு வர்க்கத்தின் பக்கம் வாதாடினார்.

புள்ளலூர் பீரங்கியிடமே இதைக் கேட்கலாம். குண்டின் மேலும் பீரங்கியின் மேலும் செயல்பட்ட விசை ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான், ஆகவே உந்தம் சமம். ஆனால் குண்டின் ஆற்றல் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ஜூல், பீரங்கிக்கு ஆயிரம் ஜூல்கூட இல்லை. எப்படி? குண்டு ஒன்றரை மீட்டர் குழலைக் கடந்து வெளியேறுவதற்குள் பீரங்கி பின்னால் நகர்ந்தது ஏழு மில்லிமீட்டர்தான். அதே விசை, ஆனால் நகர்ந்த தூரம் வேறு. அதனால் செய்த வேலையும் வேறு. விசையை நேரத்தோடு பெருக்கினால் உந்த மாற்றம், தூரத்தோடு பெருக்கினால் ஆற்றல் மாற்றம் என்கிற இந்த ஒற்றை வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவருக்கு அடுத்த இரண்டு பாடங்கள் தானாகத் திறக்கும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் கல்லூரியிலும் இடறுவார். வேலையை இன்று நாம் சொல்லும் பொருளில் கொரியோலிஸ் நிலைநிறுத்தியது 1829இல். பெய்லி தோற்ற காலத்தில் அந்தக் கருத்தே இயற்பியலில் கெட்டிப்படவில்லை. விசை சமம் நிறை பெருக்கல் முடுக்கம் என்று பொதுச் சமன்பாடாக எழுதியதும் நியூட்டன் இல்லை, 1750இல் ஆய்லர்.

தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சமதரையில் அரைக் கிலோமீட்டர் நடக்கும் பெண், குடத்தின் மேல் செய்த வேலை பூஜ்யம் என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும், சிரிப்பது நியாயமும்கூட. பதினைந்து கிலோ குடத்தைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றியபோது 220 ஜூல் செலவு. அதன் பிறகு குடத்தின் ஆற்றல் கூடவில்லை. அப்படியானால் களைப்பு எங்கிருந்து வந்தது? தாங்கி நிற்கும் தசையிழைகள் சும்மா இருப்பதில்லை; நொடிதோறும் சுருங்கி விரிந்து உணவின் ஆற்றலைச் சூடாக்கிக் கொட்டுகின்றன. ஒரு கல்தூண் அதே குடத்தைச் செலவில்லாமல் நூறு வருஷம் தாங்கும். இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் "வேலை பூஜ்யம்" என்று மட்டும் கரும்பலகையில் எழுதினால், இயற்பியல் வாழ்க்கைக்கு ஒத்துவராத சாஸ்திரம் என்ற முடிவுக்குப் பிள்ளைகள் வருவார்கள். வரத்தான் செய்கிறார்கள்.

மாடும் வண்டியும் என்கிற புதிரும் இந்த ரகம். மாடு வண்டியை இழுக்கும் அதே விசையால் வண்டியும் மாட்டைப் பின்னே இழுக்கிறது என்றால், எப்படி நகரும்? இரண்டு விசைகளும் வேறு வேறு பொருள்களின் மேல் இருப்பதால் ஒன்றையொன்று அழிக்க முடியாது. வண்டியின் கணக்கில் மாட்டின் இழுப்பும் சக்கரத்தின் தடையும் மட்டும் வரும். மாட்டின் கணக்கில், அது குளம்பால் பின்னுக்கு உதைக்கும் தரை திருப்பித் தரும் விசை வரும். அந்தத் தரைதான் மாட்டை முன்னே தள்ளுகிறது. சேற்றில் தரை அவ்வளவு விசை தராது, குளம்பு வழுக்கும். கொசஸ்தலையாற்று வெள்ளத்தில் பெய்லி நாட்களை இழந்தார் என்பதும், சில மணி நேர நடைத் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ, தோல்விச் செய்தி வந்ததும் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார் என்பதும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. பக்சார் போரை வென்ற தளபதிக்கும் இழுத்துச் செல்ல முடியாத பீரங்கி வெறும் இரும்புதான்.

மைசூர் ராக்கெட்காரர்களுக்கு இந்தச் சமன்பாடுகள் எதுவும் தெரியாது. குழாயின் விட்டத்தையும் இலக்கின் தூரத்தையும் வைத்து எவ்வளவு சாய்த்து விடுவது என்று பயிற்சியால் அறிந்திருந்தார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் பிடிபட்ட ராக்கெட்டுகள் இங்கிலாந்து போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டுகளைச் செய்தார், அவை 1807இல் கோபன்ஹேகனை எரித்தன. ஊல்விச் ராணுவக் கல்விக்கூடத்தின் வில்லியம் மூர் 1813இல் ராக்கெட் இயக்கத்துக்குக் கணிதம் எழுதினார். எரிய எரிய நிறை குறையும் பொருள் என்பதால் மாறா நிறைக்கான சூத்திரம் அதற்குப் போதவில்லை. ஸியோல்கோவ்ஸ்கியின் புகழ்பெற்ற சமன்பாடு 1903இல் அச்சேறியது. ரொத்தம் நரசிம்மா 1985இல் மைசூர், பிரிட்டன் ராக்கெட்டுகளை ஒப்பிட்டு விரிவாக எழுதினார். நாசாவின் வாலப்ஸ் தளத்தில் திப்புவின் ராக்கெட் போர் ஓவியத்தைப் பார்த்ததை அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுக'ளில் சொல்லியிருப்பது பலருக்கும் நினைவிருக்கும். 2018இல் சிவமொகா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் தோண்டியெடுக்கப்பட்டன.

ஆக, செய்யத் தெரிந்திருப்பது புரிந்திருப்பதாகாது. ராக்கெட்காரனுக்கு அது குறையல்ல. அவன் தொழில் அது. தேர்வு எழுதும் மாணவனுக்கு அது குறை, அதையும் தேர்வு கண்டுபிடிப்பதில்லை. டேவிட் ஹெஸ்டனெஸ் குழு 1992இல் 'விசைக் கருத்துச் சோதனை' என்ற வினாத்தொகுப்பை வெளியிட்டது. கணக்கே கிடையாது, மேலே எறிந்த பந்து, மோதும் வாகனங்கள் போன்ற அன்றாட நிலைமைகள், தவறான விடைகளில் அந்தப் பழைய நம்பிக்கைகள். ஹார்வர்டில் எரிக் மசூர் இதை மாணவர்களிடம் கொடுத்தபோது, நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நானாக நினைப்பதை எழுதவா என்று ஒரு மாணவி கேட்டாராம். நம்மூர் ஆசிரியர் பலருக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. கேட்க நம் பிள்ளைகளுக்குத் துணிவில்லை, அவ்வளவே. 1998இல் ரிச்சர்டு ஹேக் 62 பாடவகுப்புகளில் 6,542 மாணவர்களின் முடிவுகளைத் திரட்டினார். கற்றுக்கொள்ள மீதமிருந்ததில், சொற்பொழிவாக மட்டும் நடந்த வகுப்புகள் சராசரியாக 23 சதவீதத்தையே எட்டின. மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்து, ஊகித்து, சோதித்துப் பார்த்த வகுப்புகள் 48 சதவீதத்தை. ஆசிரியரின் பேச்சுத்திறன் இதை மாற்றவில்லை. தவறான ஊகத்தை வாய்விட்டுச் சொல்லவைத்து, அது தோற்பதைக் கண்முன் காட்டியதுதான் மாற்றியது.

பத்தாம் வகுப்புக்குத் தீபாவளி சமயத்தில் ஒரு கேள்வி கொடுக்கலாம். பக்கவாட்டில் காற்று வீசும்போது குச்சி ராக்கெட் எந்தப் பக்கம் சாயும்? கொளுத்துவதற்கு முன்பே ஒவ்வொருவரும் விடையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காற்று போகும் பக்கம் என்றுதான் ஏறக்குறைய எல்லாரும் எழுதுவார்கள். கொளுத்தினால் காற்று வரும் பக்கமே மூக்கைத் திருப்பிக்கொண்டு ஏறும். எடையின் மையம் முன்பக்கம் மருந்துக் குழாயருகில் இருக்கிறது. நீண்ட குச்சி பின்னால். காற்று குச்சியைத்தான் அதிகம் தள்ளுகிறது. வால் காற்றோடு போக, மூக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. உந்துவிசை மூக்கு காட்டும் திசையில் இழுத்துப் போகிறது. மருந்து தீர்ந்ததும் அதே ராக்கெட் காற்று போகும் பக்கமே ஒதுங்கி இறங்கும்.